எட்டு வரிக் கேள்வி

"மேடம், இது கேள்வியா, கல்யாணப் பத்திரிகையா?"

இம்தியாஸ் சார் இதை என் காதில்தான் சொன்னார். ஆனால் அவர் முன்னால் இருந்த மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. ஆம்பூரில் எங்கள் கல்லூரி அரங்கம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் சேர்மன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பின்வரிசையில் எங்கள் பெண்கள் விசில் அடித்தார்கள். நான் கையில் கேள்வி அட்டையோடு ஐந்தாவது வரியில் நின்றிருந்தேன்.

"இன்னும் மூணு வரி இருக்கு சார்," என்றேன், நானும் மைக்கிலேயே.

"தெரியும் மேடம். கடைசில 'சுற்றமும் நட்பும் சூழ'ன்னு முடியும்."

அதற்கு மேல் அந்தக் கேள்வியை யார் காதில் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் எட்டு வரியையும் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

போன வாரம் இதே பக்கத்தில் எங்கள் லேப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு இதே இம்தியாஸ் சார் போன் செய்தார். "எல்லாரப் பத்தியும் எழுதுறீங்க, என்னப் பத்தி ஒரு வரி இல்லயே" என்று வருத்தப்பட்டார். இந்த வாரம் முழுக்க அவர்தான். அவரே கேட்டு வாங்கிக்கொண்டது, என் மேல் பழி இல்லை.

இரண்டு பேர், ஒரு மேஜை

நான் அந்தக் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்தேன். அவர் வணிகவியல். வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் நடத்திய கல்லூரிகளுக்கிடையேயான வினாடி வினாவில் மட்டும் இருவரும் ஒரே மேஜையில் உட்காருவோம். கேள்வி எழுதுவதும் வாசிப்பதும் நான். நேரம் பார்ப்பது அவர்.

அவரைப் போல் நேரம் பார்க்கிறவரை நான் கண்டதில்லை. ஸ்டாஃப் ரூமில் டீ வந்தால், எத்தனை நிமிடம் தாமதம் என்று டீக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவார். கல்லூரி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசும்போது, யாரும் கேட்காமலே மேஜைக்கடியில் ஸ்டாப் வாட்சை அமுக்கி வைத்துக்கொண்டிருப்பார். இப்படிப்பட்டவர் பக்கத்தில், ஒரு கேள்வியை ஏறக்குறைய ஒரு நிமிடம் வாசிக்கிற என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தது யார் செய்த சதியோ.

மாணவிகள் எனக்கு வைத்த பெயர் 'கூட்ஸ் மேடம்'. கல்லூரிக்குப் பின்னால் ரயில் பாதை. சரக்கு வண்டி போக ஆரம்பித்தால் கடைசிப் பெட்டி எப்போது வரும் என்று தெரியாது. பெயர் வைத்தது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஏன் அவ்வளவு நீளம்?

இதைச் சொல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள்.

ஒரு வரிக் கேள்வி எனக்கு ஆகவே ஆகாது. 'இந்த நாட்டின் தலைநகரம் எது?' என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். யார் விரல் முதலில் பட்டனில் விழுகிறது என்பதுதான் போட்டி. அதற்குக் கட்டைவிரலை மட்டும் அழைத்திருக்கலாம், மூளையை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கலாம்.

என் கேள்வி வேறு மாதிரி. முதல் வரி, அந்த விஷயத்தில் ஊறிப்போனவருக்கு மட்டும் தெரிவது. இரண்டாவது வரி கொஞ்சம் படித்தவருக்கு. இப்படியே இறங்கி இறங்கி, கடைசி வரியில் தெருவில் போகிற யாருக்கும் தெரிகிற மாதிரி முடியும். நான் வாசிக்கும்போதே யார் வேண்டுமானாலும் குறுக்கே பெல் அடிக்கலாம். சரியாகச் சொன்னால் பத்து மதிப்பெண். அவசரப்பட்டுத் தப்பாகச் சொன்னால் ஐந்து போய்விடும், மிச்சக் கேள்வி முழுவதையும் எதிரணி ஆற அமரக் கேட்டுக்கொள்ளும்.

பெல் என்றதும் நினைவு வருகிறது. எங்கள் லேப் அட்டெண்டர் இரண்டு காலிங் பெல்லை வாங்கிப் பலகையில் பொருத்திக் கொடுத்திருந்தார். ஒன்று 'டிங் டாங்' என்னும். இன்னொன்று குருவி மாதிரி கத்தும். கடையில் ஒரே சத்தத்தில் இரண்டு கிடைக்கவில்லையாம். குருவி மேஜை வேண்டாம் என்று எல்லா அணியும் சண்டை போடும். ஆகவே அது எப்போதும் உள்ளூர்ப் பெண்களான எங்கள் அணிக்கே வரும்.

நீளக் கேள்வியில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு சுற்றின் ஒவ்வொரு பாதிக்கும் ஒன்பது நிமிடம். நான் வாசிக்கும்போதும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கேள்வி நீண்டால் கேள்விகளின் எண்ணிக்கை குறையும். இம்தியாஸ் சார் இதை ஒவ்வொரு வருடமும் சொல்வார். "நீளத்த கம்மி பண்ணுங்க மேடம், எண்ணிக்கை ஜாஸ்தி ஆவும்." நான் ஒவ்வொரு வருடமும் தலையாட்டுவேன். அடுத்த வருடம் இன்னொரு வரி கூடியிருக்கும்.

முதல் வருடத்துப் பரிசளிப்பு

போட்டி தொடங்கிய முதல் வருடத்தை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

மதியம் முடிய வேண்டியது சாயங்காலம் வரை இழுத்தது. வேலூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான்காவது முறை நான் திரும்பிப் பார்க்கும்போது நாற்காலி காலியாக இருந்தது. முதல்வருக்கு வேறு மீட்டிங். மேடையில் ஷீல்டு இருக்கிறது, ஜெயித்த அணி இருக்கிறது, கொடுக்கத்தான் ஆள் இல்லை. கடைசியில் போட்டோகிராபரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கொடுக்க வைத்தோம். அவர் ரொம்ப கௌரவமாகக் கொடுத்தார். ஆனால் எடுக்க ஆள் இல்லாததால் அந்த வருடத்துக்குப் போட்டோ கிடையாது.

இதெல்லாம் சேர்மனுக்குத் தெரியும். அவர் தோல் தொழிற்சாலை நடத்துகிறவர். கப்பலில் சரக்கு ஏறுகிற தேதி தவறினால் என்ன ஆகும் என்று அறிந்தவர். அதனால்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த நாளில், காலையிலேயே என்னைத் தனியாக அழைத்தார்.

"மேடம், சாயங்காலம் நம்ம ஹால்ல நிக்காஹ் இருக்கு. ஒரு மணிக்கு டெக்கரேஷன் ஆளுங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள முடிச்சிடுங்க."

"முடிச்சிடலாம் சார்."

"இதத்தான் எல்லா வருஷமும் சொல்றீங்க. இந்தத் தபா முடியலன்னு வைங்க, அடுத்த வருஷத்துலேர்ந்து சென்னை பார்ட்டி ஒண்ணு இருக்கு, அவங்ககிட்ட குடுத்துடலாம். பெரிய ஸ்கிரீன் வைப்பாங்க. ஒரு வரி கேள்வி, படார் படார்னு பதில். உங்களுக்கும் ரெஸ்டு."

ரெஸ்டு என்று அவர் சொன்னது அன்பாகத்தான். ஆனால் எனக்கு ரெஸ்டு வேண்டும் என்று யார் கேட்டது? அந்தப் போட்டி என் பிள்ளை மாதிரி. வருடம் முழுக்கச் சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் நான் யோசித்ததெல்லாம் அந்த அட்டைகளில் இருந்தது. அதை யாரோ ஸ்கிரீன் கொண்டுவந்து பிடுங்கிக்கொண்டு போவதா? அன்று ஒரு மணிக்குள் முடித்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். கேள்வியைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

இறுதிச் சுற்று

காலைச் சுற்றுகள் வழக்கம்போல் இழுத்தன. இறுதிச் சுற்று தொடங்கும்போதே பன்னிரண்டரையைத் தாண்டிவிட்டது. வாசலில் டெக்கரேஷன் வண்டி வந்து நின்றதும், ரோஜாப்பூ வாசனை அரங்குக்குள் வந்துவிட்டது. சேர்மன் திரும்பி வாசலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

'டிங் டாங்' மேஜையில் வேலூரிலிருந்து வந்த பொறியியல் கல்லூரிப் பையன்கள். குருவி மேஜையில் எங்கள் பெண்கள் மூவர். அணித்தலைவி எஸ்தர், என் வகுப்பில் மூன்றாம் ஆண்டு. அப்பா தோல் மண்டியில் வேலை செய்பவர். எஸ்தருக்குப் பேச்சும் வேகம், கோபமும் வேகம். எங்கள் கல்லூரி தன் சொந்தப் போட்டியில் அதுவரை ஜெயித்ததே இல்லை.

முதல் பாதி முடிவில் பையன்கள் இருபது முன்னால் இருந்தார்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும் அவர்களுடைய தலைவன் தன் வேலையைக் காட்டினான். நான் எட்டு வரியும் வாசிக்கும்வரை காத்திருப்பான். முடிந்ததும் பெல். பிறகு ரொம்ப மரியாதையாக, "மேடம், கடைசி ரெண்டு வரி மறுபடி படிக்க முடியுமா?" படிப்பேன். பதிலுக்குக் கொடுத்த ஐந்து விநாடியையும் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, கடைசியில் பதில் சொல்வான். அதுவும் சரியாக.

இரண்டு கேள்வி இப்படிப் போனது. வித்தியாசம் நாற்பது. முன்னால் இருக்கிறவனுக்கு நேரம் கரைவதுதான் லாபம் என்று அவன் கண்டுபிடித்துவிட்டான். அதற்கான ஆயுதத்தை, எட்டு வரி நீளத்தில், நானே செய்து கையில் கொடுத்திருந்தேன்.

"பாத்தீங்களா?" என்றார் இம்தியாஸ் சார். இந்த முறை மைக்கை மூடிக்கொண்டு.

குருவி மேஜையில் மூன்று தலைகளும் ஒன்று சேர்ந்தன. ஏதோ கிசுகிசுத்தார்கள். எஸ்தர் நிமிர்ந்தபோது அவள் விரல் பட்டன் மேலேயே இருந்தது.

அடுத்த அட்டையை எடுத்தேன். "பிறக்கும்போதே தன் வீட்டைச் சுமந்துகொண்டு..."

குருவி கத்தியது.

"ஆமை!" என்றாள் எஸ்தர்.

ஆமை இல்லை, நத்தை. ஐந்து போனது. மிச்சம் ஏழு வரியையும் பையன்கள் கால் மேல் கால் போட்டுக் கேட்டு, பத்தை வாங்கிக்கொண்டார்கள். அரங்கம் 'ச்சே' என்றது. எஸ்தர் தலையைக் குனியவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

"இந்த இனத்தில் பெண்கள் மட்டுமே..."

குருவி.

"கொசு மேடம்! பொம்பளக் கொசுதான் கடிக்கும்!"

சரி. அரங்கம் சிரித்தது, நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியில் நான்காவது வரி அவ்வளவு அழகாக வந்திருந்தது. அதை எழுதிய அன்று குழம்பே தீய்ந்துபோனது.

"நந்தி மலையில் பிறந்து..."

"பாலாறு!"

"சூரியனில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, அதன் பிறகே..."

"ஹீலியம் மேடம்!"

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். என் பெண்கள் ஜெயிக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை குருவி கத்தும்போதும் என் கேள்வி ஒன்று கழுத்தறுபட்டு விழுகிறது. வாயைத் திறப்பேன், மூடிவிடுவார்கள். பக்கத்தில் இம்தியாஸ் சார் முகத்தில் பெருநாள் வந்துவிட்டது. "நல்லாப் போவுது மேடம், இப்பதான் நல்லாப் போவுது" என்று தொடையில் தாளம் போட்டார்.

வேலூர்ப் பையன் பாவம், திகைத்துவிட்டான். நேரத்தைக் கடத்துவதற்கும் முதலில் பதில் சொல்லும் வாய்ப்பு வேண்டுமே. கேள்வி அவன் பக்கம் வந்து சேரவே இல்லை. அடுத்தடுத்து ஐந்து கேள்விகளை எங்கள் பெண்கள் பாதியில் பறித்தார்கள். வித்தியாசம் ஐந்து மதிப்பெண்ணுக்கு வந்து நின்றது.

கடைசி அட்டை

அட்டைக் கட்டைப் பார்த்தேன். ஒன்றுதான் மிச்சம். ஒரு பாதிக்கு ஒன்பது அட்டைக்கு மேல் நான் கொண்டுவருவதில்லை. எந்த வருடமும் அத்தனையும் தேவைப்பட்டதே இல்லை.

அந்தக் கடைசி அட்டை என் கண்மணி. பல மாதங்கள் திருத்தித் திருத்தி எழுதிய கேள்வி அது. தப்பாகச் சொன்னால் எங்கள் பெண்கள் தோற்பார்கள், சரியாகச் சொன்னால் கோப்பை. இப்படிப்பட்ட கேள்வியில் யார் அவசரப்படுவார்கள்? இதையாவது முழுதாக வாசித்துவிடலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. தண்ணீர் ஒரு வாய் குடித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"கடைசிக் கேள்வி. பனிக்கட்டியை..."

குருவி கத்தியது.

ஒரே ஒரு வார்த்தை. அதைத்தான் நான் வாசித்திருந்தேன். எதிர் மேஜையில் பையனின் விரலும் பட்டனில் இருந்தது, அரை நொடி பிந்திவிட்டான். எஸ்தரின் தோழிகள் இருவரும் அவளை முறைத்தார்கள்.

எஸ்தர் என் முகத்தையே பார்த்தாள். "உப்பு," என்றாள்.

நான் அட்டையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். "சரி" என்றேன். சொன்ன பிறகு என்ன நடந்தது என்பதை யாரும் யாருக்கும் சொல்ல முடியாத அளவுக்குக் கூச்சல்.

"மூணு நிமிஷத்துக்கு மேல இருக்கு மேடம், அடுத்த கேள்வி" என்றார் இம்தியாஸ் சார்.

"இல்ல சார்."

"இன்னா இல்ல?"

"கேள்வி தீந்துபோச்சு."

அவர் தன் வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கியத்தை என் வாயால் கேட்பார் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். எங்கள் போட்டியில் முதன்முறையாக நேரம் மிஞ்சியது.

பாராட்டு

ஒரு மணி அடிப்பதற்கு முன்பே சேர்மன் மேடையில் மைக்கைப் பிடித்துவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"நான் காலைல ஒரு வார்த்த சொன்னேன். மேடம் அத மனசுல வச்சிக்கினாங்க. பாருங்க, கேள்வியெல்லாம் எவ்ளோ சின்னதா, அழகா! அர வரி, ஒரு வார்த்த! கடைசிக் கேள்வி ஒரே வார்த்ததான். சென்னை பார்ட்டிகூட இப்படிப் போட மாட்டான். இனிமே எல்லா வருஷமும் மேடம்தான். வேற யாருக்கும் கிடையாது!"

கைதட்டல். நான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தைக் கேள்வியா? என் உப்புக் கேள்வி எட்டு வரி, அய்யா! எட்டு வரி!

இம்தியாஸ் சார் என் பக்கம் சாய்ந்தார். "மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். இப்ப மட்டும் ஒண்ணும் பேசாதீங்க."

"தேங்க்யூ சார்," என்றேன் சேர்மனிடம். குட்டைக் கேள்வி எழுதுவதில் வல்லவள் என்று பொன்னாடையும் போட்டார்கள். போட்டி என் கையை விட்டுப் போகவில்லை என்ற நிம்மதியில் முதுகெல்லாம் லேசானது. ஆனாலும் பொன்னாடை உறுத்தத்தான் செய்தது.

மிச்சம்

கூட்டம் சாப்பிடப் போய்விட்டது. டெக்கரேஷன் ஆட்கள் பூச்சரங்களை இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். நான் மேடையில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எஸ்தர் கோப்பையைத் தோழிகளிடம் கொடுத்துவிட்டுத் தனியாக வந்தாள்.

"மேடம், அந்த உப்புக் கேள்விய முழுசா படிக்கிறீங்களா?"

"எதுக்கு? அதான் சரியாச் சொல்லிட்டியே."

"சரியா சொன்னேன். ஏன் சரின்னு தெரியல மேடம்."

எனக்குப் புரியவில்லை.

"அந்தப் பையனும் விரல வச்சிட்டான். வுட்டா போச்சி. நீங்க தண்ணி குடிச்சீங்க, கண்ணாடி தொடச்சீங்க, சிரிச்சீங்க. உங்களுக்குப் புடிச்ச கேள்வின்னு தெரிஞ்சிடிச்சி. எந்தப் பாடம் எடுத்தாலும் கடைசில உப்புக்குத்தான் வந்து நிப்பீங்க. அதான் அடிச்சி வுட்டேன். உப்புக்கும் ஐஸுக்கும் இன்னா சம்மந்தம்னு சத்தியமாத் தெரியாது மேடம்."

திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. என் கேள்வியைப் படிக்காமல் என்னையே படித்துவிட்டு ஜெயித்திருக்கிறாள், கள்ளி. ஆனால் ஜெயித்த பிறகும் கோப்பையை விட்டுவிட்டு, ஏன் சரி என்று கேட்க வந்து நிற்கிறாளே. அட்டையைத் தேடி எடுத்தேன்.

வாசித்தேன். "பனிக்கட்டியை உருக்கவும் செய்யும், அதே பனிக்கட்டியோடு சேர்ந்து அதைவிடக் குளிரான கலவையாகவும் மாறும். பழைய ஐஸ்கிரீம்காரர்கள் இதை நம்பித்தான் மரவாளியைச் சுற்றினார்கள்."

"ஓ," என்றாள் எஸ்தர்.

"தீயில் தூவினால் சுடர் மஞ்சளாக எரியும். உடம்பில் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. ஆட்டுத்தோல் மண்டிக்கு வந்து சேர்ந்ததும், அழுகாமல் இருக்க அதன் மேல் முதலில் விழுவது இதுதான். தோலைக் காப்பாற்றிவிட்டு, கழுவிய தண்ணீரோடு இறங்கி, கிணற்றைக் கெடுப்பதும் இதுதான்."

எஸ்தர் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மேடம், இங்க எனக்கே தெரிஞ்சிருக்கும். அப்பா கையெல்லாம் வெடிச்சிருக்கும், அதுலதான். எங்க தெரு போர் தண்ணி வாய்லயே வைக்க முடியாது." அவள் குரல் இறங்கிவிட்டது. "அடிச்சி வுடாம இருந்திருந்தாகூட, இந்த வரில எனக்கே தெரிஞ்சிருக்கும்."

அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடம் நான் எதற்காக எட்டு வரி எழுதினேன் என்பதை இம்தியாஸ் சாருக்கு என்னால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. இந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

"மேடம், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? மாப்ள சோபா வைக்கணும்."

பின்னால் இரண்டு பேர், சிவப்பு வெல்வெட் சோபாவை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். வியர்வை வழிந்தது.

"ஒரு வரிதாம்பா மிச்சம். முடிச்சிடறேன்."

"சரி, படிங்க," என்று சோபாவைக் கீழே இறக்கினார்கள். எஸ்தர் அதன் கைப்பிடியில் சாய்ந்துகொண்டாள். நான் மைக் இல்லாமலே, அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன்.

"பத்து மதிப்பெண்ணுக்கு: டேக்சாவை மூடி தம் போடுவதற்கு முன்னால், பிரியாணி மாஸ்டர் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது எதற்காக?"

"உப்பு!" என்று சோபாக்காரர்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். ஒருவர் சோபாவின் கைப்பிடியில் பெல் அடிக்கிற மாதிரி ஒரு தட்டும் தட்டினார்.

"சரி," என்றேன்.